வாரத்துக்கு ஒரே ஒரு முட்டை! - பிள்ளைகளோடு வாழ்ந்து பார்த்த போர்க்கால ரேஷன்

“ரேஷன் கடைக்கெல்லாம் நான் போக மாட்டேம்மா. ஃப்ரெண்ட்ஸ் யாராவது பார்த்தா மானமே போயிடும்!”

பத்தாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு, செல்போனும் கையுமாகக் கிடந்த என் மகன் சொன்ன வார்த்தைகள் இவை. இத்தனைக்கும் அந்த செல்போனில் அவன் விளையாடிக்கொண்டிருந்தது இரண்டாம் உலகப்போர் விளையாட்டு. எந்த நாட்டு டாங்கி எப்படி இருக்கும், எந்த விமானம் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சமூக அறிவியலில் அந்தப் போரைப் படித்து, தேர்வும் எழுதியிருந்தான்.

“சரிடா, அந்தப் போர் நடந்தப்போ வீட்டுல இருந்த அம்மாவும் பிள்ளைங்களும் என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான். “அது சிலபஸ்ல இல்லையே!”

இல்லைதான். ஆண்டுகள், ஒப்பந்தங்கள், தலைவர்களின் பெயர்கள் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அடுப்படி இல்லை. அதனால், ஒரு வாரம் எங்கள் அடுப்படியையே வகுப்பறை ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். போர்க்கால பிரிட்டனில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த அளவுதான் எங்களுக்கும். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் உடனே கை தூக்கினாள். மகன், “ஒரு வாரம்தானே... ஜுஜுபி!” என்றான்.

கடலை நம்பி இருந்த அடுப்பு

முதலில் கதையைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும்.

பிரிட்டன் ஒரு தீவு. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் உணவுப்பொருட்களைக் கப்பலில் வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாடு. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்தச் சரக்குக் கப்பல்களைத்தான் குறிவைத்தன. ஒரு கப்பல் மூழ்கினால், அதோடு பல ஆயிரம் வீடுகளின் சர்க்கரையும் கோதுமையும் மூழ்கின.

இருக்கிற சரக்கை அப்படியே சந்தையில் விட்டால் என்ன ஆகும்? விலை ஏறும். காசு உள்ளவர் மூட்டையாக வாங்கி அடுக்குவார். இல்லாதவர் பட்டினி கிடப்பார். அதனால், 1940 ஜனவரி 8 அன்று ரேஷன் தொடங்கியது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. பிறகு ஒவ்வொன்றாக மற்ற இறைச்சி, தேயிலை, ஜாம், சீஸ் என்று பட்டியல் நீண்டது. 1942 ஜூலையில் மிட்டாயும் சாக்லேட்டும்கூடச் சேர்ந்துகொண்டன.

ஒவ்வொருவருக்கும் ஒரு ரேஷன் புத்தகம். எந்தக் கடையில் பதிவு செய்தார்களோ அங்கேதான் வாங்க முடியும். எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்களோ, அதைக் கணக்கிட்டுத்தான் அந்தக் கடைக்குச் சரக்கு வரும்.

“இது நம்ம ரேஷன் கடை மாதிரியே இருக்கே!” என்றாள் மகள். மகன் ஒன்றும் சொல்லவில்லை.

தராசில் ஏறிய ஒரு வாரம்

திங்கட்கிழமை காலை சமையல் தராசை மேசையில் வைத்தோம். பிரிட்டனில் ரேஷன் அளவு அவ்வப்போது கூடும், குறையும். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவை எடுத்துக்கொண்டோம்.

• சர்க்கரை - 227 கிராம்
• தேயிலை - 57 கிராம்
• வெண்ணெய் - 57 கிராம்
• சீஸ் - 57 கிராம்
• பால் - 3 பைன்ட், அதாவது சுமார் 1.7 லிட்டர்
• முட்டை - 1 (அதுவும் கிடைத்தால்!)

ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் போர்க்காலத்தில் அங்கே ரேஷன் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் சோறு, பருப்பு, காய்கறிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று விதி எழுதினோம். நான்கு பேருக்கு 908 கிராம் சர்க்கரை. அதை நான்கு டப்பாக்களில் போட்டுப் பெயர் ஒட்டினாள் மகள்.

முட்டைகளை எடுத்து வைத்தபோதுதான் மகனின் முகம் மாறியது. தினமும் இரண்டு முட்டை ஆம்லெட் சாப்பிடுபவன் அவன்.

“வாரத்துக்கு ஒண்ணா? பொய் சொல்லாதம்மா!”

“முட்டைப் பொடி தனியா உண்டு. அமெரிக்காவுல இருந்து வரும். நாலு வாரத்துக்கு ஒரு டப்பா. பன்னிரண்டு முட்டைக்குச் சமம்.”

“பொடியில ஆம்லெட்டா... உவ்வே!”

சர்க்கரை பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாள் ஒன்றுக்கு 32 கிராம், ஏறத்தாழ எட்டு ஸ்பூன். ‘இது போதுமே’ என்றுதான் நானும் நினைத்தேன். பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு 300 மில்லி குளிர்பானத்திலேயே ஏறக்குறைய அந்த எட்டு ஸ்பூனும் போய்விடுகிறது. மகனின் டப்பா வியாழக்கிழமை காலியானது.

பச்சை, நீலம், மங்கல் பழுப்பு

எல்லோருக்கும் ஒரே அளவு என்பதுதான் ரேஷன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அப்படி இல்லை.

பெரும்பாலான பெரியவர்களுக்கு மங்கிய பழுப்பு நிறப் புத்தகம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பச்சைப் புத்தகம். பழம் வந்தால் முதல் உரிமை அவர்களுக்குத்தான். தினமும் ஒரு பைன்ட் பால், இரு மடங்கு முட்டை. 5 முதல் 16 வயது வரை நீலப் புத்தகம். அவர்களுக்குத் தினமும் அரை பைன்ட் பால்.

“அப்போ நாங்க ரெண்டு பேரும் ப்ளூ புக்!” என்று துள்ளினாள் மகள். கூடுதல் பாலைக் கணக்குப் போட்டு அளந்து ஊற்றினோம்.

‘யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அதிகம்’ என்ற கணக்கு வீண்போகவில்லை. போர் முடிந்த ஆண்டில் பிரிட்டனின் பச்சிளம் குழந்தைகள் இறப்பு விகிதம், போர் தொடங்கிய ஆண்டைவிடக் குறைந்திருந்தது. குண்டு விழுந்த நாட்டில், நாடே அளந்து சாப்பிட்ட காலத்தில் இது நடந்தது.

தன்னையே எலியாக்கிய விஞ்ஞானிகள்

இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு தாங்குமா? இந்தக் கேள்வியைப் போர் தொடங்கியதுமே கேட்டவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எல்சி விட்டோசன், ராபர்ட் மெக்கான்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள். எலியைத் தேடாமல் தங்களையும் நண்பர்களையும் வைத்தே சோதனை செய்தார்கள். நிஜ ரேஷனைவிடக் கடுமையான உணவுத் திட்டம்: வெண்ணெய் கிடையாது, வாரம் ஒரு முட்டை, கொஞ்சம் பால், கொஞ்சம் இறைச்சி. முழுக்கோதுமை ரொட்டி, உருளை, காய்கறி மட்டும் வயிறு நிறைய.

சில மாதங்கள் அப்படிச் சாப்பிட்டுவிட்டு, குளிர்காலத்தில் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போய் மலையேறினார்கள். உடம்பில் தெம்பு குறையவில்லை. ஆனால், மென்று முடிக்க அதிக நேரம் ஆனது. வயிற்றில் வாயுவும் ஏகத்துக்கு! இந்த இடத்தில் என் பிள்ளைகள் இருவரும் சிரித்த சிரிப்பில், பாடம் மனதில் பதிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அந்த உணவில் கால்சியம் போதவில்லை என்று அவர்கள் கண்டுபிடித்ததால்தான், பின்னாளில் பிரிட்டனில் ரொட்டி மாவில் கால்சியம் சேர்க்கப்பட்டது.

இன்னொரு சுவாரஸ்யம், கேரட். ‘கேரட் சாப்பிட்டா கண்ணு நல்லாத் தெரியும்’ என்று நாம் சொல்கிறோம் இல்லையா? இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய பிரிட்டிஷ் விமானிகளின் வெற்றிக்கு கேரட்தான் காரணம் என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. உண்மையில் விமானத்தில் ரேடார் பொருத்தியிருந்தார்கள்! வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது நிஜம். ஆனால், கிலோ கிலோவாக கேரட் தின்றாலும் இருட்டில் விமானம் தெரியாது.

வீட்டுக்குள் வந்த கறுப்புச் சந்தை

புதன்கிழமை இரவு ஒரு ரகசிய வியாபாரத்தைக் கண்டுபிடித்தேன். மகன் தங்கையிடம், “உன் முட்டையைக் கொடு, இருபது ரூபா தரேன்” என்று பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவள் முப்பது கேட்டாள்.

“இதுக்குப் பேருதான் கறுப்புச் சந்தை” என்றேன். அது அங்கேயும் நடந்தது. சட்டத்துக்கு உட்பட்ட ஓட்டைகளும் இருந்தன. உணவகத்தில் சாப்பிட ரேஷன் சீட்டு தேவையில்லை. அதனால் பணக்காரர்கள் பெரிய ஹோட்டல்களில் வழக்கம்போல் விருந்து சாப்பிட, மக்களிடம் முணுமுணுப்பு எழுந்தது. 1942-ல் ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்தது. சாதாரண மக்களுக்காகக் குறைந்த விலையில் ‘பிரிட்டிஷ் உணவகங்கள்’ திறக்கப்பட்டன.

அரண்மனைக்கும் ரேஷன் உண்டு. 1942-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் தங்கிய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குத் தங்கம், வெள்ளித் தட்டுகளில்தான் பரிமாறினார்கள். தட்டில் இருந்தது மட்டும் ரேஷன் சாப்பாடு!

என் மகளைக் கோபப்படுத்திய கதை, வாழைப்பழம். போரின்போது பிரிட்டனுக்கு வாழைப்பழம் வருவதே நின்றுபோனது. வாழைப்பழத்தைக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை குழந்தைகள் வளர்ந்தார்கள். போர் முடிந்து கப்பல் வந்ததும் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு பழம் என்று ஒதுக்கினார்கள். எழுத்தாளர் ஈவ்லின் வா வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். மூன்று பழங்கள் வந்தன. அவற்றை உரித்து, க்ரீமும் சர்க்கரையும் போட்டு, மூன்றையும் குழந்தைகள் கண்முன்னால் அப்பாவே சாப்பிட்டுவிட்டாராம். மகன் ஆபரான் வா பெரியவரானதும் தன் சுயசரிதையில் இதை எழுதினார். அதன் பிறகு அப்பா சொன்ன நீதிபோதனை எதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம்.

“மூணையுமா?” என்று மகள் இரண்டு முறை கேட்டாள்.

முட்டை பேரம் அத்தோடு முடிந்தது.

“அம்மா, உன் டப்பா ஏன் காலி?”

சனிக்கிழமை மாலை மகள் சர்க்கரை டப்பாக்களைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அம்மா, உன் டப்பாவும் காலியா இருக்கு. ஆனா, நீ மூணு நாளா சர்க்கரை இல்லாமத்தானே டீ குடிக்கிறே?” என்றாள்.

மகனின் டப்பா காலியான வியாழன் இரவு, என் டப்பாவிலிருந்து அவனுடைய பாலுக்குப் போட்டிருந்தேன். பிறகு அவன் அப்பாவின் காபிக்கு. யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

பிரிட்டனிலும் இதுதான் நடந்தது. தன் பங்கு இறைச்சியையும் வெண்ணெயையும் கணவரின் தட்டிலும் பிள்ளைகளின் தட்டிலும் வைத்துவிட்டு, ரொட்டியும் டீயுமாக நாளை ஓட்டிய தாய்மார்கள் அங்கே ஏராளம். அரசாங்கம் கடைவரை சமமாகப் பங்கிட்டது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பங்கிட்டது அம்மாக்கள்.

மகன் எழுந்துபோய், தங்கையின் டப்பாவில் மிச்சமிருந்ததிலிருந்து ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி, என் டீயில் போட்டான். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

பச்சைப் புத்தகம் கிடைக்காத குழந்தைகள்

அன்றிரவுதான் அவன் கேட்டான். “அப்போ நாமளும் பிரிட்டிஷ் ஆட்சியிலதானே இருந்தோம்? நமக்கும் இதே புக் கொடுத்தாங்களா?”

இந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால், நானே எழுப்பியிருக்க வேண்டும். பிரிட்டனின் ரேஷன் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், பிள்ளைகளுக்கு நாம் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறோம்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வங்காளத்தைப் புயல் தாக்கியது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கடலோரப் படகுகளை அரசே பறிமுதல் செய்ததில், மீனவர்களின் பிழைப்பும் போக்குவரத்தும் முடங்கின. போர்ச் செலவால் விலைவாசி எகிறியது. பதுக்கலும் சேர்ந்துகொண்டது.

கல்கத்தாவின் போர்த் தொழிற்சாலை ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மலிவு விலையில் தானியம் கிடைக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு எதுவும் இல்லை. அவர்கள் கல்கத்தாவை நோக்கி நடந்தார்கள். நகரத்தின் நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். கப்பலில் தானியம் அனுப்பச் சொல்லி டெல்லியிலிருந்து போன கோரிக்கைகளை லண்டன் முழுமையாக ஏற்கவில்லை. 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. கல்கத்தாவில் முறையான ரேஷன் வந்ததே 1944-ன் தொடக்கத்தில்தான்.

அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் பார்த்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். வங்காளத்தில் உணவே இல்லாமல் போனதைவிட, ஏழைகளால் அதை வாங்க முடியாமல் போனதுதான் முக்கியக் காரணம் என்று 1981-ல் வெளிவந்த தன் நூலில் வாதிட்டார்.

“ஒரே போர், ஒரே ராஜா. அங்க குழந்தைக்கு ஆரஞ்சு ஜூஸ், இங்க கஞ்சிகூட இல்லையா?” என்றான் மகன். நான் பதில் சொல்லவில்லை. கேள்வியே பதிலாக இருந்தது.

பாட்டி பார்த்த கோதுமை

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் 91 வயதுப் பாட்டியிடம் பிள்ளைகளை அழைத்துப்போனேன். மெட்ராஸ் நகரில் 1943-ல் ரேஷன் வந்தபோது அவர் சின்னப் பெண்.

“அரிசி கொஞ்சமாத்தான் போடுவாங்க கண்ணு. மிச்சத்துக்குக் கோதுமை. எங்கம்மா அதுக்கு முன்னால கோதுமையைக் கையால தொட்டதில்ல. சோறு மாதிரி வடிச்சுப் பார்த்தாங்க, வேகல. இடிச்சுக் கஞ்சி காச்சுனாங்க. நாங்க அழுதோம். அப்புறம் அதுவே பழகிப்போச்சு” என்றார்.

பர்மா அரிசி நின்ற அந்தக் காலத்தில்தான் தென்னிந்தியச் சமையலறைகள் பலவற்றில் கோதுமையும் ரவையும் இடம்பிடித்தன. அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்துச் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி என்று பெங்களூரு எம்.டி.ஆர் உணவகம் தன் வரலாற்றில் சொல்கிறது. “அட, ரவா இட்லி போர்ல பிறந்ததா!” என்றாள் மகள்.

போர் முடிந்ததும் ரேஷன் போய்விடவில்லை. பிரிட்டனில் போருக்குப் பிறகுதான் ரொட்டிக்கே ரேஷன் வந்தது. கடைசியாக இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கி, ரேஷன் முழுமையாக முடிந்த நாள் 1954 ஜூலை 4. நம் மாநிலத்தில் 1952-ல் முதல்வர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1965-ல் பாகிஸ்தானுடனான போரும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து நெருக்கியபோது, வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். பல வீடுகளில் திங்கட்கிழமை இரவு அடுப்பு எரியவில்லை. அந்தத் தட்டுப்பாட்டுக் காலங்களின் பாடத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பொது விநியோகத் திட்டம்.

உங்கள் வீட்டிலும் செய்து பார்க்க...

• ஒரு வாரம் போதும். சர்க்கரை, டீத்தூள், சீஸ், வெண்ணெய் போன்றவற்றை மட்டும் அளந்துவையுங்கள். சோறு, பருப்பு, காய்கறியைக் குறைக்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு முட்டை குறைந்தால் சுண்டலும் பயறும் கூடட்டும். உடல்நலப் பிரச்னை உள்ளவர்களை விட்டுவிடுங்கள்.
• அளப்பதும் கணக்கு எழுதுவதும் பிள்ளைகளின் பொறுப்பு. நாம் நோட்டம் பார்த்தால் போதும்.
• கர்ப்பிணி, குழந்தை, முதியவர், கடும் உழைப்பாளி என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். யாருக்கு எவ்வளவு தரலாம் என்று பிள்ளைகளே வாதாடி முடிவு செய்யட்டும்.
• பேரம், ஏமாற்று, பதுக்கல் எல்லாம் வரும். திட்டாதீர்கள். அதுதான் பாடம்.
• தெரிந்த முதியவர் ஒருவரிடம், “உங்க சின்ன வயசுல ரேஷன்ல என்ன போட்டாங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள்.

பையோடு போனவன்

அடுத்த மாதம் ரேஷன் பையை அவனே எடுத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் போனான். அதையும் சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரத்தில் வருவான் என்று பார்த்தால், ஒரு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம்.

வந்ததும் அரிசியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னான். “எனக்கு முன்னால ஒரு பாட்டிம்மா. மெஷின்ல கைரேகை விழவே இல்ல. நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டாங்க. வேலை செஞ்சு செஞ்சு ரேகையே தேஞ்சுபோச்சாம். ரேகை இல்லைன்னா அவங்களுக்குச் சாப்பாடு இல்லையாம்மா?”

“அப்புறம் என்னடா ஆச்சு?”

“இன்னொரு விரலை வெச்சுப் பாருங்கன்னு சொன்னேன். அஞ்சாவது விரல்ல விழுந்துச்சு. பாட்டிம்மா பையை வீடு வரைக்கும் தூக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு வந்தேன். அதான் லேட்டு.”

சொல்லிவிட்டு முட்டை இருக்கிறதா என்று ஃபிரிட்ஜைத் திறந்தான்.